நல்ல தண்ணிக் குழாயும் உப்புத் தண்ணிக் குழாயும்: கோவை வீடு ஒன்றில் குழாய் மாற்றிய முழு விவரம்

கோவையில் நிறைய வீடுகளில் சமையலறை சிங்க்குக்கு மேலே இரண்டு குழாய் இருக்கும். ஒன்று நல்ல தண்ணி, மற்றது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் மாநகராட்சி விடுகிற சிறுவாணி அல்லது பில்லூர்த் தண்ணீர், உப்புத் தண்ணி என்றால் வீட்டு போர்வெல் தண்ணீர். மொட்டைமாடியில் இரண்டுக்கும் தனித்தனி டேங்க், சுவருக்குள் தனித்தனி பைப். வடவள்ளிப் பக்கம் இருக்கும் என் சித்தி வீடும் அப்படித்தான். 2003-இல் கட்டிய வீடு, கீழே முழுக்க ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. 2014-இல் மேலே ஒரு அறையும் பாத்ரூமும் சேர்த்தார்கள், அதற்கு மட்டும் சிபிவிசி (சுடுதண்ணீரும் தாங்குகிற பிளாஸ்டிக் பைப்) போட்டார்கள்.

அந்த வீட்டில் குழாய்களை மாற்றியதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் ஒரே வீடு, ஒரே நாளில் மாட்டிய ஒரே கம்பெனிக் குழாய்கள், ஒரே மாதிரி பைப், தண்ணீர் மட்டும் வேறு என்று இவ்வளவு தெளிவாக ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. எந்தக் குழாய் வாங்கலாம் என்று கேட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பைப்பில் ஓடுகிற தண்ணீரைப் பார்க்க வேண்டும், அப்புறம் சுவருக்குள் இருக்கிற த்ரெட்டை (குழாய் திருகி ஏறுகிற மரையை), அதன் பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

என்ன பிரச்சினை இருந்தது

சமையலறையில் உப்புத் தண்ணிக் குழாய் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டியது. கீழ் பாத்ரூமில் பக்கெட் பிடிக்கிற குழாயைத் திறந்தால் மூடுவதற்கு இரண்டு கை வேண்டும். வாஷ்பேசின் குழாயில் குரோம் முழுக்க உரிந்து, அடியில் பச்சை பூத்திருந்தது. மேல் பாத்ரூமில் கீஸர் போட்டால் ஷவரில் சுடுதண்ணீர் நூல் மாதிரி வந்தது. சித்திக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட வேண்டும் என்று ஆசை. கடையில் செட்டாக எடுத்தால் குறைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். “எல்லாத்தையும் மாத்திப் போட்டுரலாம் கண்ணு, தினமும் இதோட மல்லுக்கட்ட முடியலை” என்றார்.

அவசரப்படாமல் முதலில் அளந்து பார்த்தோம். சொட்டுகிற குழாயின் கீழே ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பியது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 24 லிட்டருக்கு மேல், ஒரு பெரிய பக்கெட்டை விட அதிகம், மின்சாரம் செலவழித்து போரிலிருந்து ஏற்றிய தண்ணீர் சும்மா சாக்கடைக்குப் போகிறது. டிடிஎஸ் மீட்டரில் நல்ல தண்ணி 100-க்கும் கீழே, உப்புத் தண்ணி 1400-க்கு மேலே. டிடிஎஸ் என்பது கரைந்திருக்கிற எல்லா உப்பும் சேர்ந்தது. குழாயைக் கெடுப்பதில் பெரும்பங்கு கடினத்தன்மைக்கு, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளுக்குத்தான். அதனால் சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் ஒன்றில் அதையும் பார்த்தோம். 700-ஐத் தாண்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-இல் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. இது அதற்கும் மேலே.

நல்ல தண்ணிக் குழாயைத் திறந்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 2003-இல் மாட்டிய அதே பித்தளைக் குழாய். ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஸ்பிண்டில் (கைப்பிடியோடு சுழலும் தண்டு) த்ரெட் பளபளவென்று இருந்தது, வாஷர் உட்காருகிற சீட்டில் ஒரு பள்ளம் கூட இல்லை. சில ரூபாய் வாஷர் ஒன்றைப் போட்டு மறுபடி மூடினோம். பக்கத்திலேயே இருந்த உப்புத் தண்ணிக் குழாய்க்கு இடையில் இரண்டு முறை ஸ்பிண்டில் மாற்றியும், சீட்டில் ஒரு பக்கம் அரித்துப் பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளம் விழுந்த பிறகு எத்தனை வாஷர் போட்டாலும் சொட்டு நிற்காது, சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் குழாயையே மாற்ற வேண்டும்.

சுவருக்குள் நடந்தது

இந்த வேலையில் மிகக் கஷ்டமானதும், பலர் யோசிக்காமல் விடுவதும் இதுதான். குழாய் பித்தளை, அது ஏறுகிற பைப் இரும்பு, மேலே துத்தநாகப் பூச்சு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் சின்னதாக ஒரு மின்னோட்டம் உண்டாகும், அதில் கரைவது இரும்புப் பக்கம். முதலில் துத்தநாகம் போகும், அப்புறம் இரும்பு. அதனால்தான் ஜிஐ பைப் நடுவில் நன்றாக இருந்தாலும் குழாய் மாட்டுகிற முனையில் மட்டும் த்ரெட் துருப்பிடித்துக் காகிதமாகிப் போகிறது. தண்ணீரில் உப்பு குறைவாக இருந்தால் அதில் மின்சாரம் சரியாகக் கடக்காது, அரிப்பும் மெதுவாக நடக்கும். சிறுவாணி லைனில் இருபது வருடம் கழித்தும் த்ரெட் கூர்மையாக இருந்ததற்கும், உப்பு லைனில் கையால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்ததற்கும் காரணம் இதுதான்.

வேலைக்கு வந்த பிளம்பர் அண்ணன் முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருப்பவர். பக்கெட் குழாயை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது திருப்புனா வருமுங்க, ஆனா தனியா வராது, உள்ள இருக்கிற நிப்பிளும் சேந்து முறியும். அதுக்குத் தயாரா இருந்தா கை வெக்கறேன்” என்றார். நிப்பிள் என்பது இரண்டு முனையிலும் த்ரெட் உள்ள சின்னப் பைப் துண்டு. வேலையைத் தொடங்கும் முன்பே இப்படிச் சொல்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் நாள் ராத்திரியே துரு இளக்குகிற எண்ணெயை ஜாயின்ட்டில் அடித்து ஊற விட்டோம். மாடியில் உப்பு டேங்க்குக்குக் கீழே இருந்த கேட் வால்வ் மூடுகிறதா என்றும் பார்த்தோம். மூடவில்லை. சக்கரம் சுற்றுகிறது, உள்ளே தகடு உப்புப் படிந்து பாதியிலேயே நிற்கிறது, கீழே தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. இதை வேலை நடக்கும் நாளில் கண்டுபிடித்திருந்தால் குழாயைக் கழற்றிய பிறகு பாத்ரூம் முழுக்கத் தண்ணீராகியிருக்கும். டேங்க்கை முக்கால்வாசி காலி செய்து, உள்ளேயிருந்து துணியால் வாயை அடைத்து, கேட் வால்வை எடுத்துவிட்டு பால் வால்வ் (உள்ளே துளையிட்ட உருண்டை கால் சுற்றுத் திரும்பி மூடுகிற வகை) போட்டார் அண்ணன். கடினத் தண்ணீர் லைனில் பால் வால்வ்தான் சரி, அதையும் மாதம் ஒரு முறையாவது மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லைனை வடிப்பதற்கு முன் கீஸர் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். உள்ளே தண்ணீர் இல்லாமல் சூடேற்றுகிற கம்பிச்சுருள் சூடானால் எரிந்துபோகும். அணைத்த ஸ்விட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டால் வீட்டில் வேறு யாரும் மறந்துபோய்ப் போட மாட்டார்கள்.

மறுநாள் அண்ணன் சொன்னபடியே நடந்தது. குழாயை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத் திருப்பினார், பாதியில் நிப்பிள் முறிந்து ஒரு வளையம் மட்டும் எல்போவுக்குள் (பைப் திரும்புகிற இடத்து வளைந்த இணைப்புக்குள்) மாட்டிக்கொண்டது. அதை எடுத்த விதம் பார்க்க வேண்டியது: ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு, அந்த வளையத்தில் மட்டும் நீளவாக்கில் இரண்டு வெட்டு, எல்போவின் த்ரெட்டைத் தொடாத ஆழத்துக்கு, அப்புறம் சின்ன உளியால் உள்பக்கமாக மடக்கி இடுக்கியால் உருவினார். வளையம் வந்துவிட்டது. ஆனால் எல்போவின் த்ரெட் பாதிக்கு மேல் போயிருந்தது. டெஃப்ளானை (த்ரெட்டில் சுற்றுகிற மெல்லிய வெள்ளை டேப்) நிறையச் சுற்றி எப்படியாவது மாட்டிவிடலாம் என்று தோன்றும் இடம் இது. அப்படி மாட்டினால் அன்றைக்கு நிற்கும், அப்புறம் சுவருக்குள்ளேயே கசியும், பெயின்ட் உப்பி வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். எல்போவை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் வீட்டின் வெளிப்புறம். அதனால் டைல்ஸைத் தொடாமல் வெளியே இருந்து சுவரைக் கொத்தி, பழைய எல்போவையும் ஒரு முழ ஜிஐ பைப்பையும் எடுத்துவிட்டு, யூபிவிசி (பிளாஸ்டிக் பைப்) துண்டு போட்டு, குழாய் ஏறுகிற இடத்தில் உள்ளே பித்தளை த்ரெட் பதித்த எல்போவை வைத்தார். பழைய டைல்ஸுக்கு ஜோடி கடையில் கிடைக்காது, அதனால் எந்தப் பக்கம் கொத்துவது என்று முதலிலேயே யோசிப்பது பணத்தையும் மிச்சம் பிடிக்கும், மனசையும் காக்கும்.

பித்தளை பதித்த எல்போவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் அது வீண் இல்லை. வெறும் பிளாஸ்டிக் த்ரெட்டுக்குள் உலோகக் குழாயை முறுக்கினால் ஆப்பு இறங்கியது போல வாய் பிளந்துகொள்ளும், சில சமயம் அன்றைக்கே, சில சமயம் மாதங்கள் கழித்து. ஜிஐ பைப்போடு சேருகிற இடத்திலும் அதே விதிதான்: உள்ளே போகிற துண்டு பிளாஸ்டிக்காகவும் வெளியே பிடிக்கிற துண்டு இரும்பாகவும் இருந்தால் பயமில்லை, மாற்றிப் போட்டால்தான் ஆபத்து. பசை ஒட்டிய இடத்தை ஒரு ராத்திரி முழுக்கக் காய விட்ட பிறகுதான் தண்ணீர் விட்டோம்.

என்ன குழாய் வாங்கினோம்

சித்திக்கு மணிக்கட்டு வலி உண்டு, சுற்றித் திருகுகிற குழாய் சிரமம். அதனால் சமையலறை உப்பு லைனுக்குக் கால் சுற்றில் திறக்கிற லீவர் வைத்த ஸ்வான் நெக் சிங்க் காக் (வளைந்த கழுத்துள்ள சமையலறைக் குழாய்) வாங்கினோம். இந்த வகையில் உள்ளே இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வாஷர் தேய்கிற தொல்லை இல்லை, ஆனால் மணலும் உப்புப் படிவும் தகட்டில் கீறல் போடும், அப்புறம் மெல்லச் சொட்ட ஆரம்பிக்கும். கடினத் தண்ணீருக்கு எந்தக் குழாயும் என்றென்றைக்கும் நிற்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்ட கேள்வி, இதன் ஸ்பிண்டில் (தகடுகள் இருக்கிற உள் பாகம்) மட்டும் தனியாகக் கிடைக்குமா, இப்போதே கடையில் இருக்கிறதா என்பதுதான். இருந்தது, ஒன்று உபரியாக வாங்கி வைத்தோம். பார்க்க இன்னும் அழகாக இருந்த ஒரு குழாய்க்கு அது இல்லை, அதை விட்டுவிட்டோம். கை வலி இல்லாத வீடாக இருந்தால் இந்த லைனுக்கு நான் பழைய வாஷர் வகைக் குழாயையே போடுவேன், வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

உண்மையான பித்தளையா என்று பார்க்கக் கையில் தூக்கிப் பார்த்து, குரோம் படாத உள் த்ரெட்டின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டும். வெளுத்த சாம்பல் நிறமென்றால் அது ஜிங்க் கலவை, உப்புத் தண்ணீரில் நிற்காது. ஐஎஸ்ஐ முத்திரையும், இந்த வகை செப்புக் கலவைக் குழாய்களுக்கான ஐஎஸ் 8931 எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். குடிக்கிற தண்ணீர் வருகிற லைனுக்கு முத்திரை இல்லாத மலிவுக் குழாய் வேண்டவே வேண்டாம், மட்டமான பித்தளையிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்கக்கூடும், அது குழந்தைகளுக்குக் கெடுதல்.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அரை இஞ்ச் குழாய் என்பதை வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தால் த்ரெட்டின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும், உடனே முக்கால் இஞ்ச் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். முக்கால் இஞ்ச் த்ரெட் 26 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். பெயரிலுள்ள அளவு பைப்பின் உள்பக்கத்தை வைத்து வந்தது. வெளிநாட்டிலிருந்து யாராவது அழகான குழாய் வாங்கி வந்தாலும் கவனம் தேவை. அமெரிக்க அரை இஞ்ச் த்ரெட்டும் நம் ஊர் த்ரெட்டும் ஒரு இஞ்சுக்கு 14 சுற்றுதான், ஆனால் பல்லின் கோணம் அங்கே 60 டிகிரி, இங்கே 55. ஏறுவது போல ஏறும், கசியும்.

வெளியே துவைக்கிற கல் பக்கத்தில் இருக்கும் குழாய்க்கு மட்டும் பிளாஸ்டிக், கடையில் பிடிஎம்டி என்று சொல்கிற வகை. துருப்பிடிக்காது, உப்பு அதிகம் ஒட்டாது, முக்கியமாக யாரும் திருட மாட்டார்கள். வாசலில் பித்தளைக் குழாய் வைத்தவர்களுக்கு இது புரியும்.

மாட்டியது

புதுக் குழாயை ஏற்றும் முன் வால்வைத் திறந்து, வெறும் எல்போவிலிருந்து தண்ணீரை ஒரு பக்கெட்டில் கொஞ்ச நேரம் ஓட விட்டோம். துரு, மணல், பசைத் துணுக்கு எல்லாம் கலந்து காபி நிறத்தில் வந்தது. அதெல்லாம் புது செராமிக் தகட்டுக்குள் போயிருந்தால் முதல் வாரத்திலேயே கீறல் விழுந்திருக்கும். பல வீடுகளில் “புதுக் குழாய், அதற்குள் சொட்டுகிறது” என்று சொல்வதற்குப் பின்னால் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டெஃப்ளானை த்ரெட் முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏற்றும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். இத்தனை சுற்று என்று கணக்குச் சொல்ல முடியாது, டேப்பின் தடிமனும் த்ரெட்டின் இறுக்கமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. கையால் சில சுற்று ஏறியதும் இறுகத் தொடங்கினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குழாய் கோணலாக நின்றால் நேராக்கப் பின்பக்கம் திருப்பக் கூடாது, அப்படிச் செய்தால் உட்கார்ந்த டேப் விலகிக் கசியும். கழற்றி, டேப்பைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி ஏற்றுவதுதான் வழி.

வாஷ்பேசின் பில்லர் காக் (பேசின் மேலே நிற்கிற குழாய்) சுலபம், கீழே படுத்துக்கொண்டு நட்டைத் திருப்புகிற கஷ்டம் மட்டும்தான். குழாயோடு கனெக்ஷன் பைப்பையும் மாற்றிவிடுங்கள், வெளியே ஸ்டீல் பின்னல் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே ரப்பர் வயதாகியிருக்கும். அந்தப் பைப்பின் நட்டுக்குள் தட்டையான வாஷர் இருக்கிறது, அடைப்பது அதுதான். அங்கே டெஃப்ளான் வேண்டாம், கையால் இறுக்கி ஸ்பேனரில் கால் சுற்று போதும். பழைய குழாயின் குரோம் உரிந்ததற்குத் தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் குழாயிலும் தேய்த்திருக்கிறார்கள். அந்த ஆசிட் உப்பை மட்டும் தின்பதில்லை, முலாமையும் சேர்த்துத் தின்கிறது. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, பிறகு நன்றாகக் கழுவினால் வெள்ளைப் படிவு போய்விடும்.

மாற்றாமல் விட்டது

மேல் பாத்ரூம் வால் மிக்சரைத்தான் (சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தருகிற சுவர்க் குழாய்) சித்தி முதலில் மாற்ற நினைத்தார், பணமும் அதற்குத்தான் அதிகம் ஆகியிருக்கும். அதைத் தொடவே இல்லை. டேங்க்கின் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் நடுவில் இரண்டரை மீட்டர் இருந்தால் அதிகம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம், இங்கே அதில் கால் பங்கு. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வழியில் சின்ன அடைப்பு இருந்தாலும் தண்ணீர் நின்றுவிடும். சுடுதண்ணீர்ப் பக்கம் மட்டும் ஏன் அடைத்தது என்பதும் கடினத்தன்மையால்தான்: கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் சுண்ணாம்பாகப் பிரிந்து படியும். கீஸரிலிருந்து சுடுதண்ணீர் மிக்சருக்குள் நுழைகிற இணைப்பைக் கழற்றினால் உள்ளே சல்லடை வெள்ளைக் கல்லாகிக் கிடந்தது. எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, ஷவர் ஹெட்டையும் அதே மாதிரி ஊறவைத்து மாட்டியதும் தண்ணீர் பழையபடி வந்தது. புது மிக்சர் வாங்கியிருந்தால், அதிலும் இப்போது வருகிற மெல்லிய துளை உள்ள சிங்கிள் லீவர் என்றால், இந்த அழுத்தத்துக்கு வரத்து இன்னும் குறைந்துதான் இருக்கும். டேங்க்குக்கு நேர் கீழே இருக்கிற மாடி பாத்ரூமுக்குக் குழாய் வாங்குபவர்கள், அது எவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் என்று பெட்டியிலோ கையேட்டிலோ பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கணக்குப் பார்த்தால் புதுக் குழாய்களுக்கு ஆனதை விட வால்வுக்கும் எல்போவுக்கும் கூலிக்கும்தான் அதிகம் ஆனது. சித்திக்கு ஆரம்பத்தில் அது மனசுக்கு ஒப்பவில்லை, வெளியே பளபளப்பாகத் தெரிகிற பொருளுக்குக் கொடுக்கிற காசு வேறு, சுவருக்குள் மறைகிறதுக்குக் கொடுக்கிற காசு வேறு இல்லையா. வேலை முடிந்த அன்று ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குக் கீழேயும் காய்ந்த செய்தித்தாள் துண்டு வைத்துவிட்டுப் படுத்தோம், காலையில் எதுவும் நனைந்திருக்கவில்லை.

மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது சொட்டு எதுவும் இல்லை. சமையலறை உப்புக் குழாயின் முனையில் இருக்கும் ஏரேட்டர் (சின்னச் சல்லடை) மட்டும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளையாக அடைக்கிறது. சித்தி அதை அவரே கையால் கழற்றி, ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டிவிடுகிறார். கீழே உப்பு லைனில் பெரும்பகுதி இன்னும் ஜிஐ-தான். அதை அடுத்த கோடைக்குள் யூபிவிசி ஆக்கிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணன், போர் மட்டம் இறங்கினால் உப்பு இன்னும் ஏறும் என்பதால். சித்தியும் அதற்குக் காசு ஒதுக்கி வைத்திருக்கிறார்.